வாக்கரை எப்போது கீழே வைக்கலாம்?

கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடையில் உள்ள ஒரு கடற்கரை ஊரிலிருந்து 49 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வரவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நீண்ட கடிதம். சுருக்கித் தருகிறேன்.

பதினெட்டு வயதிலிருந்து சங்கு குளிக்கிற தொழில். முதலில் மூச்சடக்கிப் போயிருக்கிறார். அப்புறம் பல வருடங்கள், கம்ப்ரஸர் காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு. நாலைந்து வருடமாக இடது தொடை இடுக்கில் வலி. மூட்டுத் தேய்மானம் என்று நினைத்து மாத்திரை வாங்கி ஓட்டியிருக்கிறார். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது, தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் போகாமல் எலும்பே செத்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் மதுரையில் இடது இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்து 7 வாரம் ஆகிறது. காலில் முழு எடையும் வைக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இப்போது அவருடைய சங்கடங்கள்: உம்மா (அம்மா) முன்பு பயன்படுத்திய வாக்கரில் நடக்கிறார். வீட்டுக்குள் பரவாயில்லை. வாசலிலிருந்து தார் ரோடு வரை மணல். வாக்கர் கால் புதைந்து ஒருமுறை விழப் பார்த்திருக்கிறார். "வாக்கரைப் பிடித்தால் காலத்துக்கும் பிடிக்க வேண்டியதுதான், தூக்கி எறிந்துவிட்டுக் கடல் மண்ணில் வெறுங்காலோடு நட, கால் தானாகப் பலம் வரும்" என்று மச்சான் சொல்கிறார். கம்பு ஒன்று வாங்கி இடது கையில் பிடித்துப் பார்த்தார், சரியாக வரவில்லை. இடது கால் நீளமாகிவிட்டது போல இருக்கிறது. தொழுகையில் எப்படி உட்காருவது, உள்ளே வைத்த உலோகம் கடல் தண்ணீரில் துருப்பிடிக்குமா, ஊனச் சான்றிதழ் கிடைக்குமா, திரும்பக் கடலுக்குப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரருக்கு,

வாக்கர் பழகிவிடும் என்ற பயத்திலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் எழுதியதிலேயே உங்களுக்குக் கெடுதல் செய்யக்கூடியது இந்த எண்ணம்தான். ஊன்றுகோல் யார் காலையும் பலவீனமாக்குவதில்லை. காலைப் பலவீனமாக்குவது நொண்டி நடப்பது.

இடுப்பின் பக்கவாட்டில், பேன்ட் பாக்கெட் இருக்கிற இடத்துக்குச் சற்றுப் பின்னால், ஒரு தசைக்கூட்டம் இருக்கிறது. ஒரு காலைத் தூக்கி மற்றக் காலில் நிற்கும் ஒவ்வொரு கணமும் இடுப்பு ஒரு பக்கம் சரியாமல் பிடித்து நிறுத்துவது அதுதான். நான்கு வருடம் வலியோடு நடந்ததில் உங்களுக்கு அது மெலிந்திருக்கும். அறுவை சிகிச்சையின்போதும் அந்தப் பகுதித் தசைகளுக்கு அலைச்சல் உண்டு. அது தயாராவதற்குள் வாக்கரை விட்டால் உடம்பு குறுக்கு வழி தேடும்: ஒவ்வொரு அடிக்கும் மேலுடம்பை இடது பக்கம் சாய்த்து நடப்பீர்கள். அப்படி நடந்தால் அந்தத் தசைக்கு வேலையே இருக்காது. வேலை இல்லாத தசை பலப்படவும் செய்யாது. மூன்று மாதத்தில் அந்த நடை உடம்பில் ஊறிவிடும். அதைத் திருத்துவது, வாக்கரை இன்னும் மூன்று வாரம் பிடிப்பதைவிட நூறு மடங்கு சிரமம். மூட்டு நன்றாகவே இருந்தும் வருடக்கணக்கில் சாய்ந்து நடப்பவர்களைப் பார்க்கிறேன். அவர்களில் பலர் அவசரப்பட்டு எல்லாவற்றையும் கைவிட்டவர்கள்.

எனவே எத்தனை வாரம் என்று காலண்டரைப் பார்க்காதீர்கள். பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் பலர் கம்புக்கு வந்து, அதையும் விடுகிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் உங்களுக்கான அளவுகோல் உங்கள் நடைதான். உங்கள் வீட்டார் யாரையாவது பின்னாலிருந்து செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கைலி கட்டியிருந்தால் இடுப்பு அசைவது தெரியாது, அரைக்கால் டவுசர் போட்டுக்கொள்ளுங்கள். தோள் ஒரு பக்கம் சாய்கிறதா, இடுப்பு ஒரு பக்கம் இறங்குகிறதா என்று பாருங்கள். சாயாமல் நடக்க எந்தத் துணை தேவையோ, அன்றைக்கு அதுதான் உங்களுக்குச் சரியான துணை.

வாக்கரும் கம்பும்

உம்மாவின் வாக்கர் என்று எழுதியிருக்கிறீர்கள். உம்மாவின் உயரம் வேறு, உங்கள் உயரம் வேறு. செருப்புப் போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு மடிப்பு இருக்கிற உயரத்தில் பிடி இருக்க வேண்டும். அப்படி இருந்தால் பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கும். தாழ்வாக இருந்தால் முன்னால் குனிந்து நடப்பீர்கள், இடுப்பு நிமிரவே நிமிராது. கால்களில் இருக்கிற பித்தானை அழுத்தி நான்கையும் ஒரே துளையில் நிறுத்துங்கள்.

இன்னொன்று. நம் கடற்கரைக் காற்றில் உப்பு ஏறி அந்தப் பித்தானும் ஸ்பிரிங்கும் துருப்பிடித்துவிடும். பழைய வாக்கர் என்பதால் பித்தான் முழுதாக வெளியே வந்து பூட்டுகிறதா என்று தினமும் பாருங்கள். பூட்டாத கால் நடுவழியில் சட்டென்று உள்ளே இறங்கும். அடியில் இருக்கிற ரப்பர் புஷ் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், மருந்துக்கடையில் கிடைக்கும். புதிதாக வாங்குவதாக இருந்தால் இரும்பு வேண்டாம், அலுமினியம் வாங்குங்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைத்து உலர்த்துங்கள்.

நடக்கும் வரிசை: வாக்கர் முன்னால், அப்புறம் இடது கால், அப்புறம் வலது கால். வாக்கரின் முன் கம்பி வரை போய் முட்டாதீர்கள். மனதில் எண்ணிக்கொண்டே நடந்தால் சில நாளில் தானாக வரும்.

கம்பு உங்களுக்குச் சரியாக வராததற்குக் காரணம் கை மாறியிருப்பது. இடது இடுப்பில் ஆபரேஷன் என்றால் கம்பு வலது கையில்தான் இருக்க வேண்டும். வலிக்கிற பக்கமே பிடிக்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் நீங்கள் இடது காலில் நிற்கும்போது இடுப்பு சரிவது வலது பக்கம். அந்தப் பக்கத்திலிருந்து தாங்கினால்தான் பயன். சுக்கானை நுனியில் பிடித்தால் லேசாகத் திரும்பும், அடியில் பிடித்தால் முழுப்பலமும் கேட்கும் இல்லையா, அதே கணக்குதான். புது மூட்டிலிருந்து வலது கை தூரத்தில் இருப்பதால் கொஞ்சம் ஊன்றினாலே இடுப்புத் தசையின் வேலை நிறையக் குறைகிறது. சாதாரணமாக நடக்கும்போதே இடுப்பு மூட்டில் உடல் எடையைப் போல இரண்டரை, மூன்று மடங்கு பாரம் இறங்குகிறது. அதில் பெரும்பகுதி இந்தத் தசை இழுக்கிற இழுப்புதான். இடது காலும் வலது கைக் கம்பும் ஒன்றாக முன்னால் போகட்டும். உயரம் இதற்கும் மணிக்கட்டு மடிப்புதான்.

நான்கு கால் உள்ள கம்பு வாங்கச் சொல்வார்கள். சமதளத் தரையில் அது நல்லது. உங்கள் ஊர் மேடு பள்ளத்தில் நான்கு காலும் ஒன்றாகப் படியாது, ஆட்டம் காட்டும். நல்ல அகலமான ரப்பர் போட்ட ஒற்றைக் கம்பே போதும்.

வாக்கரா கம்பா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றில்லை. வீட்டுச் சிமெண்ட் தரையில் கம்பு, வெளியே வாக்கர் என்று சில வாரம் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கம்பு, அசதியான மாலையில் வாக்கர் என்றாலும் சரிதான். அதைப் பின்வாங்கியதாக நினைக்காதீர்கள்.

அந்த மணல்

கடல் மண்ணில் நடந்தால் கால் பலப்படும் என்று மச்சான் சொன்னதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. உதிரி மணலில் நடக்க அதிக பலம் வேண்டும். அந்தப் பலம் உங்களிடம் இப்போது இல்லை என்பதுதான் சிக்கல். பாதம் புதைந்து திரும்பும்போது இடுப்பும் எதிர்பாராமல் முறுக்கும். புது மூட்டைச் சுற்றிச் சதை இறுகிக்கொண்டிருக்கிற இந்தக் காலத்தில் அது ஆபத்து. எனவே மணல் பயிற்சி வேண்டவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அது கடைசிப் பாடம். முதலில் வீட்டுத் தரை, அடுத்தது தார் ரோடு. நொண்டல் போன பிறகு அலை வற்றிய நேரத்தில் கெட்டியான ஈர மண். எல்லாம் முடிந்துதான் உலர்ந்த உதிரி மணல். ஈர மண்ணிலும் ஒன்றைக் கவனியுங்கள்: கரை கடலை நோக்கிச் சரிந்திருக்கும், கடல் பக்கத்துக் கால் எப்போதும் தாழ்வாகவே படும். சரிவு குறைந்த இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வெறுங்கால் வேண்டாம், ஹவாய்ச் செருப்பும் வேண்டாம். குதிகாலில் வார் உள்ள செருப்பு போடுங்கள்.

வாசலிலிருந்து ரோடு வரை உள்ள மணலுக்கு வழி செய்தாக வேண்டும். உங்களை வீட்டுக்குள் அடைத்து வைத்திருப்பது காலைவிட அந்த மணல்தான் என்று எனக்குப் படுகிறது. நடைபாதைக்குப் போடுகிற சிமெண்ட் ஸ்லாப்பை இரண்டு பேரை வைத்து மணலில் பதித்துவிடலாம். வாக்கரின் அகலத்தைவிட இரண்டு பக்கமும் ஒரு சாண் கூடுதலாக இருக்கட்டும். விளிம்பு தூக்கி நிற்காமல், ஒரு ஸ்லாப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி இல்லாமல் போடுங்கள். செலவு முடியாது என்றால் தடித்த பலகை போதும், ஆடாமல் இரண்டு முனையையும் மணலில் புதைத்துவிடுங்கள். பனந்துண்டு வேண்டாம், உருளும். காற்றில் மணல் ஏறும் என்பதால் தினமும் ஒருமுறை பெருக்க வேண்டும். கிழிந்த வலை, கயிறு எதுவும் அந்தப் பாதையில் கிடக்கக் கூடாது. ராத்திரி அங்கே ஒரு பல்பு எரியட்டும்.

உட்காருவதும் தொழுவதும்

டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து, ஆபரேஷன் பின்பக்க வழியாகச் செய்ததா முன்பக்க வழியாகவா என்று அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்கள். தழும்பு புட்டத்தின் பக்கமாக வளைகிறது என்று நீங்கள் கடிதத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தால் பின்பக்கமாக இருக்கலாம். அப்படியானால் மூன்று காரியங்கள் கூடாது: இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்குவது, இடது காலை வலது பக்கம் குறுக்கே போடுவது, இடது பாதத்தை உள்பக்கமாகத் திருப்புவது. இவை நடந்தால், அதிலும் மூன்றும் சேர்ந்தால், புது மூட்டின் பந்து அதன் கிண்ணத்தை விட்டு நழுவலாம். பெரும்பாலும் மூன்று மாதம் வரை இந்தக் கட்டுப்பாடு இருக்கும். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

வீட்டில் இதற்கு என்ன பொருள் என்றால், சம்மணம் இல்லை, தரையில் சாப்பாடு இல்லை, குத்தவைப்பது இல்லை. இந்தியன் டாய்லெட் மேல் வைக்கிற கமோடு நாற்காலி மருந்துக்கடைகளில் கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி தாழ்வாக இருந்தால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டை அடுக்குங்கள், உயரம் சரியாகிவிடும். கைவைத்த நாற்காலியாக இருக்கட்டும்.

தொழுகையை நாற்காலியில் உட்கார்ந்து நிறைவேற்றுங்கள். குனிகிற ருகூவுக்கும், நெற்றியைத் தரையில் வைக்கிற சஜ்தாவுக்கும் தலையையும் தோளையும் லேசாகத் தாழ்த்தினால் போதும், மார்பு தொடையைத் தொடும்படி குனிய வேண்டாம். உடல் முடியாதவருக்கு மார்க்கத்தில் உள்ள சலுகையைப் பற்றி உங்கள் பள்ளிவாசல் இமாமிடமே கேளுங்கள், மனதில் உறுத்தல் இருக்காது. பலர் தொழுகையில் கவனமாக இருந்துவிட்டு, தொழுகைக்கு முன் கைகால் கழுவுகிற ஒளு செய்யும்போது கோட்டை விடுகிறார்கள். பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டியான ஹவுளின் ஓரத்தில் குந்துவதும், குழாய்த் திட்டில் காலைத் தூக்கி வைத்துக் கழுவுவதும் நான் மேலே சொன்ன மடக்குதலேதான். இந்த மூன்று மாதம் வீட்டிலேயே உயரமான நாற்காலியில் உட்கார்ந்து ஒளு செய்யுங்கள், காலைக் கழுவ மகனோ மனைவியோ உதவட்டும்.

படியிலும் பஸ்ஸிலும் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் காலும் கம்பும் முதலில். ஆட்டோவில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, அப்புறம் காலை உள்ளே எடுங்கள். பைக்கில் காலைத் தூக்கிப் போட்டு ஏறுவதை டாக்டர் அனுமதிக்கும் வரை தள்ளிவையுங்கள்.

கால் நீளமானது போல இருக்கிறது

இது பயப்படுத்துகிற உணர்வுதான். வருடக்கணக்கில் தேய்ந்து அமுங்கிய மூட்டில் நீங்கள் குட்டையான காலோடு பழகிவிட்டீர்கள். இப்போது உயரம் திரும்பி வந்ததும், இறுகிப்போன தசை இடுப்பைச் சாய்த்துப் பிடிப்பதும் சேர்ந்து, கால் நீண்டது போலக் காட்டும். பலருக்குச் சில மாதத்தில் இது மறைந்துவிடுகிறது. அதற்குள் வலது செருப்பில் தக்கை வைத்து உயர்த்தாதீர்கள், வைத்தால் சாய்வு நிலைத்துவிடும். ஆறு மாதத்துக்கு மேலும் இருந்தால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பயிற்சியாக, சமையல் மேடையைப் பிடித்து நிமிர்ந்து நின்று, இடது காலைப் பக்கவாட்டில் கொஞ்சமாக விரித்து மெல்லத் திரும்பக் கொண்டுவாருங்கள். அதேபோல் பின்பக்கம். பத்துப் பத்தாக மூன்று வேளை. அப்புறம் மேடையில் விரல்களை மட்டும் வைத்து இடது காலில் தனியாக நிற்கப் பழகுங்கள். இடுப்பு சரியாமல் பத்து எண்ணும் வரை நிற்க முடிந்தால் கம்பை விடும் நாள் பக்கத்தில் வந்துவிட்டது என்று கொள்ளலாம். எண்ணெய் போட்டு உருவிவிடுகிறவரிடம் போகாதீர்கள், முறுக்கி இழுத்தால் மூட்டு நழுவலாம்.

மதுரைக்கு ஒவ்வொரு முறையும் போக முடியவில்லை என்கிறீர்கள். 2021 முதல் நடக்கிற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே இயன்முறை மருத்துவர் வருவது ஒரு பகுதி. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு மதுரையைவிடப் பக்கம், தொடர் சிகிச்சைக்கு அங்கேயும் கேட்கலாம்.

உடனே போக வேண்டியவை

கெண்டைக்கால் வீங்கிக் கடுத்தால், காயத்தில் நீர் கசிந்தால், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். திடீரென்று மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108. கால் சட்டென்று குட்டையாகிப் பாதம் திரும்பிக்கொண்டு, ஊன்றவே முடியாத வலி வந்தாலும் 108தான், யாரையும் இழுத்துப் பார்க்க விடாதீர்கள். இனி வாழ்நாள் முழுவதும் சிப்பி வெட்டு, மீன் முள் குத்து, பல் சீழ் எதையும் சும்மா விடக் கூடாது. அந்தக் கிருமி ரத்தம் வழியாகப் புது மூட்டில் போய்த் தங்க வாய்ப்புண்டு.

உலோகம் துருப்பிடிக்காது. நம் உடம்பு நீரே உப்பு நீர்தான், அதற்குத் தாங்கும்படி செய்த உலோகம் அது. தோல் முழுதாக மூடியபின் கடல் தண்ணீர் அதுவரை போகவும் போகாது.

சான்றிதழைப் பற்றி உங்களுக்குத் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். மூட்டு மாற்றியதாலேயே ஊனச் சான்றிதழ் தானாகக் கிடைத்துவிடாது. சிகிச்சை முடிந்து நிலைமை ஒரு நிலைக்கு வந்த பிறகு, மிச்சம் இருக்கிற இயலாமையை மருத்துவக் குழு அளக்கும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீத இயலாமை இருக்க வேண்டும். நன்றாகத் தேறிவிட்டால் அந்த அளவு வராமல் போகலாம். அதை இழப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கேட்டு, ஆபரேஷன் காகிதங்களையெல்லாம் பத்திரமாக வையுங்கள்.

கடல்

நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். ஆழத்தில் அழுத்தக் காற்றைச் சுவாசித்து, வேகமாக மேலே வரும்போது ரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகள் உண்டாகும். அவை எலும்பின் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைப்பதால் எலும்பு சாவது குளிப்புத் தொழிலில் அறியப்பட்ட நோய். மேலே வந்ததும் மூட்டெல்லாம் கடுக்கும், படுத்தால் சரியாகும் என்று நீங்கள் எழுதியிருப்பது அந்தச் சந்தேகத்தை வலுவாக்குகிறது. ஸ்டீராய்டு மருந்தும் மதுவும்கூட இதே நோயைக் கொண்டுவரும். எனவே வலிக்கு ஊரில் போட்ட ஊசி, மாத்திரை எல்லாவற்றையும் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

அடிபடாமல் வருகிற இந்த நோய் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டு இடுப்பையும் பிடிக்கிறது. ஆரம்பத்தில் வலி இருக்காது, எக்ஸ்ரேயிலும் தெரியாது. வலது இடுப்புக்கு எம்ஆர்ஐ எடுத்ததா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. எடுக்கவில்லை என்றால் அடுத்த பரிசோதனையில் அதைக் கேளுங்கள். தோள்மூட்டில் கடுப்பு இருந்தால் அதையும் சொல்லுங்கள், அங்கேயும் இது வரும். முன்கூட்டியே கண்டுபிடித்தால் எலும்பு அமுங்குவதற்கு முன் செய்யக்கூடிய சிகிச்சைகள் உண்டு.

கம்ப்ரஸர் குழாயோடு இனி இறங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. புது மூட்டுக்காகச் சொல்லவில்லை, மிச்சமுள்ள எலும்புகளுக்காகச் சொல்கிறேன். வீட்டில் வேறு வருமானம் இல்லை என்று எழுதியிருப்பதால் இந்த வரி உங்களுக்கு எவ்வளவு கனமாக இருக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன். வள்ளத்தில் போவது வேறு விஷயம். அதற்கும் நொண்டல் போய், ஆட்டத்தில் நிற்கும் பலம் வந்து, டாக்டர் சரி என்ற பிறகுதான். ஆறு மாதத்துக்கு முன் அதை எதிர்பார்க்காதீர்கள். அதுவரை கரையில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து சங்கைத் தரம் பிரிப்பது, எடை போடுவது, கணக்குப் பார்ப்பது போன்ற வேலைகளை மூன்று மாதப் பரிசோதனைக்குப் பிறகு தொடங்கலாம். முப்பது வருடம் சங்கைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு அந்த வேலை தெரியாமல் இருக்காது. வியாபாரியிடம் இப்போதே பேசிவையுங்கள்.

அந்த நடை வீடியோவை இரண்டு வாரம் கழித்து எனக்கு அனுப்புங்கள். முதல் பத்து அடி வாக்கரோடு, அடுத்த பத்து அடி வலது கைக் கம்போடு, பின்னாலிருந்து எடுத்ததாக இருக்கட்டும்.